ஐந்து பேர் போதும்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, கொட்டிவாக்கத்தில் கடற்கரையை நோக்கிப் போகும் ஒரு தெருவின் கடைசியிலிருந்த கொட்டகையில், மைனா என்ற ஏழு வயதுக் கலப்பினப் பசு இறந்தது.

ஐந்து மணிக்குப் பால் கறந்தபோது அது நன்றாகத்தான் இருந்தது. ஐந்தரைக்கு மெஹபூப் அலி தீவனத் தொட்டியில் தண்டுக்கீரையை அள்ளிப் போட்டார். அவருடைய மூன்று பசுக்களில் மைனாதான் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் கழுத்தை நீட்டுவதற்குள் பாதியை அதுவே தின்றுவிடும். அன்றும் தின்றது. ஆறரைக்கு அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் பின்னியது. உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

கால்நடை மருத்துவர் அனுப்ரியா வேளச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது மணி ஏழு. மைனாவுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு பசு, செம்பி, தள்ளாடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு எட்டத்தில் நின்ற மூன்றாவதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கழுத்தில் ஊசியை ஏற்றியபோது வந்த ரத்தம் சிவப்பாக இல்லை. ஆறிப்போன டிகாஷன் நிறத்தில் இருந்தது.

"காலைல என்ன போட்டீங்க பாய்?"

"கீரைத் தண்டுதாம்மா. டெய்லி போடறதுதான்."

"யார் தோட்டத்துக் கீரை?"

மெஹபூப் அலி வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அது தனபாலனின் தோட்டம்.

அனுப்ரியா நீல நிற மருந்தொன்றைச் செம்பிக்கு மெதுவாக ஏற்றினார். அரை மணி நேரத்தில் அது நிலையாக நின்றது. பிறகு தொட்டியில் மிச்சமிருந்த ஒரு தண்டை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து, பையிலிருந்த சிறிய புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். சில விநாடிகளில் தண்டு மையைக் கொட்டியதுபோலக் கறுநீலமானது. எதிர்த் தோட்டத்திலிருந்து பறித்துவந்த இன்னொரு தண்டிலும் அதே சொட்டை விட்டார். அது லேசாக நீலம் காட்டியதோடு நின்றுவிட்டது.

"நைட்ரேட். கீரையில எப்பவும் கொஞ்சம் இருக்கும். இவ்வளவு இருக்காது. யூரியா போட்டிருக்காங்க, அதுவும் நிறைய. மனுஷங்க ஒரு கட்டு வாங்கி ஆக்கித் திங்கிறாங்க, தெரியாது. மாடு ஒரு கூடை திங்குது."

"அது ஆர்கானிக் தோட்டம்மா."

அனுப்ரியா கையைக் கழுவிக்கொண்டே, "அது மாட்டுக்குத் தெரியாதே பாய்" என்றார்.

அவர் ரத்தமும் இரைப்பைத் தீவனமும் எடுத்துக்கொண்டார். ஆய்வக முடிவு வர மூன்று நான்கு வாரம் ஆகலாம் என்றார். அதுவரைக்கும் ஒரு தாளில், நைட்ரேட் நச்சு என்று சந்தேகிக்கப்படுகிறது என எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். செம்பியின் பாலைக் கொஞ்ச நாளைக்கு யாருக்கும் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு மாநகராட்சி வண்டி வந்து மைனாவை எடுத்துப் போனது.

கொட்டிவாக்கத்தில் கடலோரமாக வீடு கட்டாமல் கிடக்கும் மனைகள் இன்னும் சில இருக்கின்றன. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். யாராவது பார்த்துக்கொண்டால் போதும் என்று விட்டுவைத்திருப்பார்கள். அப்படி ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்த மனைகளில் ஐந்து பேர் பயிர் செய்தார்கள்; ஆறாவது ஆளான மெஹபூப் அலி மாடு வைத்திருந்தார். அங்கே மண் கிடையாது, மணல்தான். எதைப் போட்டாலும் இரண்டு மழையில் கீழே இறங்கிவிடும். மந்தைவெளியில் குடியிருக்கும் பங்கஜம்தான், அமெரிக்காவிலிருக்கும் தம்பியின் மனையில் கத்தரி, வெண்டை வைத்தபடி, இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தார். அடையாறு காந்தி நகரில் அவருக்கு ஒரு இயற்கைக் காய்கறிக் கடை உண்டு. ஒருவர் தோட்டத்துக் கழிவு இன்னொருவர் தோட்டத்துக்கு உணவு என்பது ஏற்பாடு. தனபாலனின் கீரைத் தண்டு மெஹபூப் அலியின் மாடுகளுக்கு. மாட்டுச் சாணமும் கோமியமும் நடுவிலுள்ள பொதுக் குழிக்கு. காளான் வளர்த்த ராகேஷ், காளான் எடுத்தபின் மிஞ்சும் வைக்கோலை அந்தக் குழியில் கொட்டுவார். ராகவேந்திரன் தென்னை மட்டையைத் துண்டு போட்டுக் கொண்டுவருவார். முருங்கை போட்டிருந்த ஷண்முகப்ரியா இலைச் சருகு. குழி எருவை முறைபோட்டு எடுத்துக்கொள்வார்கள். ஆறு வருடத்தில் அந்த மணலின்மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு மண் படிந்திருந்தது. கடையின் பலகையில், 'வெளியிலிருந்து ஒரு பிடி எருவும் வருவதில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

இதில் மற்ற ஐவருக்கும் கிடைத்தது நல்ல மண். மெஹபூப் அலிக்குக் கிடைத்தது மாடுகள். கொட்டிவாக்கத்தில் மேய்ச்சல் என்று எதுவும் இல்லை. தெருவில் விட்டால் மாநகராட்சி பிடித்துக்கொண்டு போகும். லாரி வைக்கோலை மட்டும் நம்பி மாடு வைத்துக்கொள்ள முடியாமல், எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்த வருடத்தில்தான் இந்த ஏற்பாடு வந்தது. வேலிக்கு மேலாகக் கீரைத் தண்டு வரும்வரை மாடு இருக்கும். வராவிட்டால் இருக்காது. அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

தனபாலன் அன்று மாலை வேலியோரம் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வருடம் தியாகராய நகரில் ஜவுளிக்கடை நடத்தி, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கீரைக்கு வந்தவர். பேச்சில் ஊர் இன்னும் மிச்சமிருந்தது. மாட்டுப் பொங்கலன்று மைனாவின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தவர் அவர்தான். வருடா வருடம் வைப்பார்.

"பாய், கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல."

"டாக்டரம்மா சொட்டு மருந்து வுட்டுப் பாத்தாங்க அண்ணாச்சி. தண்டு நீலமாய்ட்ச்சி."

தனபாலன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டிசம்பர் புயலுக்கப்புறம் மணல்ல ஒண்ணும் நிக்கல பாய். நீங்களே பாத்தியள்லா, கீரை மஞ்சளா வந்துச்சு. பங்கஜம் அம்மா கடைக்கு வாரத்துக்கு முந்நூறு கட்டு கேக்காங்க. குழி எரு முறை வர மார்ச்சு ஆகும். ஒரு மூட்டை வாங்கினேன். தண்ணில கரைச்சு மூணு தடவ ஊத்தினேன். மாட்டுக்கு இப்படி ஆகும்னு கனவா கண்டேன்?"

"மூட்டை எங்க கீது?"

"மோட்டார் ரூம்புல. பாதி இருக்கு."

"வர்ற ஞாயித்துக்கெழம கூட்டத்துல சொல்லிடு அண்ணாச்சி. நீயே சொல்லிட்டா மரியாதையாப் போய்டும்."

"சொல்லுதேன்" என்றார் தனபாலன். "நானே சொல்லுதேன். நீங்க முந்த வேண்டாம்."

மெஹபூப் அலி முந்தவில்லை.

இதைக் கேட்ட அவர் மனைவி ஜைதூன் பீ, அலசிக்கொண்டிருந்த பால் கேனை அப்படியே வைத்தார்.

"மோட்டார் ரூம்புல மூட்டை இருந்துச்சே, போன மாசம் செக்கிங்குக்குப் போனீங்களே, கண்ணு எங்க போச்சு?"

"அப்ப உள்ள போகல."

"பின்ன வாசல்ல குந்திக்கினு இன்னா பண்ணீங்க? வடை துன்னீங்க. அவங்க வூட்டம்மா குடுத்த உளுந்து வடை. மூணு. எனக்குக் கூட ஒண்ணு எடுத்துக்கினு வர்ல. மைனா விலை மூணு வடை."

அது உண்மைதான். அவர்களுடைய சான்றிதழ் வெளியிலிருந்து அதிகாரி வந்து கொடுக்கும் சான்றிதழ் அல்ல. உறுப்பினர்களே ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்து, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யார் தோட்டத்தை யார் பார்ப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள். ஜனவரி 21ஆம் தேதி மெஹபூப் அலிக்குத் தனபாலனின் பெயர் வந்தது. போனார். வேலிக்குள் நாற்காலி போட்டிருந்தார்கள். வடை வந்தது, காப்பி வந்தது, பேரப்பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது, கடைசியில் படிவம் வந்தது. எழுந்து போய் மோட்டார் அறையைத் திறந்து பார்ப்பது, விருந்துக்குப் போன வீட்டில் பீரோவைத் திறந்து பார்ப்பதுபோல மெஹபூப் அலிக்குக் கூசியது. கையெழுத்துப் போட்டார். ஆறு பேருமே அப்படித்தான் போட்டார்கள். ஆறு வருடமாக எந்தத் தோட்டத்திலும் யாரும் யாருடைய மோட்டார் அறையையும் திறந்ததில்லை. அதை அவர்கள் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் பிப்ரவரி 18ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு, காந்தி நகர்க் கடையின் மாடியில் நடந்தது. சான்றிதழைப் புதுப்பிக்க மாதக் கடைசிக்குள் தாள்கள் போக வேண்டும். கீழே கடையில் அந்த வாரக் கீரை வழக்கம்போல விற்றுக்கொண்டிருந்தது. மெஹபூப் அலி படியேறும்போது, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் இரண்டு கட்டுத் தண்டுக்கீரை வாங்கிப் பையில் வைத்ததைப் பார்த்தார். நின்றார். பிறகு மேலே போனார்.

அனுப்ரியா எழுதிக் கொடுத்த தாளைப் பங்கஜம் இரண்டு முறை படித்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு பாய். நான் ஆத்துல ரெண்டு நாளாச் சொல்லிண்டே இருக்கேன், வாயில்லா ஜீவன்னு. ஆனா டாக்டர் 'சந்தேகம்'னுதானே எழுதியிருக்கா?"

"லேப்புக்குப் போய்க்கிது. வந்துடும்மா. அதுக்கு மின்ன அண்ணாச்சி ஒண்ணு சொல்லணும்னாரு."

எல்லோரும் தனபாலனைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"என் தோட்டத்துல எல்லாம் குழி எருதான்" என்றார். "நான் பாய் மேல குத்தம் சொல்லல. ஆனா டிசம்பர்ல ஹனீஃபா மெஸ்ஸுலேருந்து மிச்சச் சோறு வந்துச்சு, மாடுகளுக்குப் போட்டாரு. அவரே எங்கிட்ட சொன்னாரு. சோறு கூடிப்போனா மாடு சாகும்னு எல்லாருக்கும் தெரியும்லா."

ஹனீஃபா ஜைதூன் பீயின் தம்பி. தியாகராய நகரில் மெஸ் வைத்திருக்கிறார். புயல் வந்த டிசம்பரில் மூன்று நாள் தெருவெல்லாம் தண்ணீர் நின்று, வைக்கோல் லாரியும் வரவில்லை, கீரைப் பாத்தியும் முழுகிக் கிடந்தது. விற்காமல் போன சோற்றை ஹனீஃபா இரண்டு அண்டாவில் அனுப்பினார். நான்காம் நாள், தண்ணீர் வடிந்தபின், மெஹபூப் அலி இதை வேலியோரம் நின்று தனபாலனிடம் சொன்னார். மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

ராகேஷ் நிமிர்ந்தார். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் காளானுக்கு வந்தவர்.

"வெளித் தீவனம் போட்டா ரிப்போர்ட் பண்ணணும் பாய். ரூல்ஸ்ல கிளியரா இருக்கே?"

"அல்லாம் முழுகிப் போச்சு நைனா. மாட்டுக்கு இன்னாத்தப் போடச் சொல்ற? உன் ரூல்ஸ் புக்கையா?"

ஷண்முகப்ரியா சிரித்துவிட்டு, யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"அது டிசம்பரு. மாடு செத்தது பிப்ரவரி" என்றார் மெஹபூப் அலி. "ரெண்டு மாசம் கழிச்சா சோறு கொல்லும்? அண்ணாச்சி, நீ எங்கிட்ட சொன்னதச் சொல்லு. மோட்டார் ரூம்புல யூரியா மூட்டை கீது. பாதி மூட்டை. இப்பவே எல்லாரும் வாங்க, போய்ப் பாக்கலாம். ஆட்டோல பத்து நிமிஷம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ராகவேந்திரன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அவருக்கு அதே குழியிலிருந்து எரு வருகிறது. தனபாலனின் தோட்டத்தில் யூரியா என்று படிவத்தில் ஏறினால், அந்தக் கீரையின் தண்டைத் தின்ற மாட்டின் சாணம், அந்தச் சாணம் விழுந்த குழி, அந்தக் குழியிலிருந்து எரு எடுத்த ஐந்து தோட்டம் என்று கேள்வி வரிசையாக வரும். இத்தனை வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சங்கிலி அது. இப்போது அதன் ஒரு கண்ணியைக்கூடத் தொட யாருக்கும் மனமில்லை.

பங்கஜம் கோப்பைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"ஜனவரி இருபத்தொண்ணு. தனபாலன் தோட்டம். மோட்டார் ரூம் பார்க்கப்பட்டதா, ஆம். ரசாயன உரம், இல்லை. சோதித்தவர் மெஹபூப் அலி. இது உங்க கையெழுத்துதானே பாய்?"

"என்துதான்."

"பாத்துட்டுப் போட்டேளா, பாக்காமப் போட்டேளா?"

"பாக்கல."

"ஏன் பாக்கலை?"

வடை என்று சொல்ல முடியவில்லை. "பக்கத்துத் தோட்டத்துக்காரன வேவு பாக்கறாமாரி இருந்துச்சு" என்றார்.

"சரி. அப்போ நீங்க சொல்றது நிஜம்னு வெச்சுண்டாலும், பொய்க் கையெழுத்துப் போட்டதுக்கு நீங்களும் போகணும், யூரியா போட்டதுக்கு அவரும் போகணும். ரெண்டு பேர் போனா மிச்சம் நாலு. நாலு பேருக்குச் சான்றிதழ் கிடையாது. குறைஞ்சது அஞ்சு வேணும். நான் கடையைச் சாத்திண்டு போக வேண்டியதுதான். உங்க பாலையும் அப்புறம் யார் வாங்குவா?" பங்கஜம் படிவத்தைக் கோப்பில் வைத்தார். "ஒருத்தர் போனா அஞ்சு பேர் இருக்கோம். வெளித் தீவனம் உங்க கொட்டகையோட முடிஞ்சுபோற விஷயம் பாய். குழி வரைக்கும் வராது. நான் யாரையும் குத்தம் சொல்லலை. எண்ணிக்கையைச் சொல்றேன்."

"நீயும் பாக்காமதானம்மா ராகேஷுக்குக் கையெழுத்துப் போட்ட? எல்லாருந்தான போட்டோம்?"

"அந்தத் தோட்டத்துல மாடு சாகலையே பாய்" என்றார் பங்கஜம். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்.

மெஹபூப் அலியை நீக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ராகேஷ் தூக்கினார். ஷண்முகப்ரியா தூக்கினார். ராகவேந்திரன் ஜன்னலைப் பார்த்தபடியே தூக்கினார். பங்கஜம் தூக்கினார். தனபாலனின் கை கடைசியாக, தோள் உயரத்துக்கு வந்து நின்றது. மெஹபூப் அலி டாக்டரின் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கீழே கீரை தீர்ந்திருந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, எப்போதும் வரும் நேரத்தில், தனபாலன் வேலிக்கு வந்தார். தோளில் ஒரு கட்டுத் தண்டு.

"பாய், கூட்டத்துல பேசினது வேற. அது அவங்களுக்காவ பேசினது. மாடு என்ன பாவம் செஞ்சுது? தண்டு நான் டெய்லி தருவேன். சான்றிதழுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மெஹபூப் அலி தண்டுகளைப் பார்த்தார்.

"இது கெழக்குப் பாத்தி. இதுல ஊத்தல. சத்தியமா."

மெஹபூப் அலி கட்டை வாங்கினார். ஒரு தண்டை உருவி, உடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பச்சையாக, நீர் கோத்து, நன்றாகத்தான் இருந்தது. மைனா தின்றதும் இப்படித்தான் இருந்தது. அந்தச் சொட்டு மருந்து இல்லாமல் அதில் பார்க்க ஒன்றுமில்லை. பின்னால் செம்பி கயிற்றை இழுத்துக்கொண்டு கழுத்தை நீட்டியது. அது வயிறு நிரம்பத் தின்று எட்டு நாளாகியிருந்தது.

கொட்டகைக்குள்ளிருந்து ஜைதூன் பீ கேட்டார். "அண்ணாச்சி, உங்க வூட்ல இன்னிக்கு இன்னா பொரியல்?"

"முட்டைக்கோசு" என்றார் தனபாலன்.

"நேத்து?"

"நேத்து... வாழக்காய்."

"இத்தினி கீரை வெளயுது, வூட்ல ஒரு நா கூட கீரை ஆக்கறதில்லியா?"

தனபாலன் திரும்பி நடந்தார். மெஹபூப் அலி கட்டை வேலிக் கம்பியின்மேல் வைத்தார். செம்பியை அவிழ்த்து, வேலிக்கு எட்டாத தூரத்தில் கட்டினார். மாலைக்குள் கட்டு வாடிவிட்டது. அடுத்த நாளும் ஒரு கட்டு வேலியின்மேல் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. பிறகு வருவது நின்றது.

லாரி வைக்கோலில் மூன்று வாரம் ஓட்டினார். பால் பாதியானது. இயற்கைப் பால் என்று வாங்கிக்கொண்டிருந்த திருவான்மியூர் வீடுகள், பங்கஜத்தின் கடையில் விசாரித்துவிட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தின. பொதுக் குழிக்கு மாதவரத்திலிருந்து டிராக்டரில் சாணம் வந்து கொட்டியது. அந்த மாடுகள் எதைத் தின்றன என்று யாரும் கேட்கவில்லை. கடைப் பலகையை யாரும் மாற்றவில்லை.

மார்ச் 4ஆம் தேதி சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. ஐந்து கையெழுத்துகள் இருந்தன.

மார்ச் 10ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வேளச்சேரிப் பால்காரர் ஒருவர் சின்ன லாரியோடு வந்து இரண்டு பசுக்களையும் ஏற்றிப் போனார். ஜைதூன் பீ தீவனத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

ஆய்வக முடிவு மார்ச் 14ஆம் தேதி வந்தது. இறப்புக்குக் காரணம் நைட்ரேட் நச்சு என்று இருந்தது. அன்று கொட்டகையில் மாடு இல்லை.